ரூட்டரா, ரௌட்டரா? பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பைப் பிரித்தறியும் வழி

வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசும் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். இரண்டும் சரி. பிரிட்டனில் ரூட்டர், அமெரிக்காவில் ரௌட்டர். ஆனால் சொல் சொல்லாக மனப்பாடம் செய்யத் தொடங்காதீர்கள். முதலில் இரண்டு ஒலிகளைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். அதற்குத் தமிழே கைகொடுக்கும்.

படி 1: ட ஒலியைக் கேளுங்கள்

'படம்' என்று சொல்லுங்கள். அப்புறம் 'பட்டம்'. முதல் சொல்லில் நாக்கு லேசாகத் தட்டிவிட்டுப் போகிறது. இரண்டாவதில் அழுந்தி நிற்கிறது. கம்ப்யூட்டர், டேட்டா போன்ற சொற்களின் நடுவில் வரும் ஒலியை அமெரிக்கர்கள் 'படம்' போலத் தட்டுவார்கள்: கம்ப்யூடர், டேடா. பிரிட்டிஷ் செய்தி வாசிப்பாளர்கள் 'பட்டம்' பக்கம் நிற்பார்கள். அமெரிக்கர் நாக்கை நம்மைப் போல மேல்நோக்கி வளைக்காமல், மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறில் தட்டுவார்; அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. அந்த ஒலியை அடுத்து அழுத்தம் விழுந்தால் தட்டு வராது. 'அட்டாச்' இரண்டு நாட்டிலும் அட்டாச்தான்.

இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது. தமிழில் எழுதினால் பளிச்சென்று தெரியும். அதனால் குறிப்பு நோட்டைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ர் எங்கே போகிறது?

'சர்வர்' என்று அமெரிக்கர் சொன்னால் இரண்டு ர் ஒலியும் கேட்கும். லண்டன்காரர் வாயில் இரண்டுமே மறைந்து, முதல் உயிரொலி நீளும். ஆனால் அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் கடைசி ர் திரும்பி வந்துவிடும். 'சர்வர் இஸ் டவுன்' என்று அவர் சொல்லும்போது கவனியுங்கள்.

படி 3: விதிக்குள் அடங்காத சொற்கள்

இவற்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். மென்பொருளின் சோதனைப் பதிப்பான பீட்டா அமெரிக்காவில் பேடா. பிரிட்டனில் பெரும்பாலும் ப்ரிவசி, அமெரிக்காவில் ப்ரைவசி. ஷெட்யூல் அமெரிக்காவில் ஸ்கெஜூல். பிரிட்டிஷ் இளைஞர்கள் பலரும் இப்போது 'ஸ்கெ' என்றே தொடங்குகிறார்கள். மொபைல் அமெரிக்காவில் பெரும்பாலும் மோபல். ஆன்ட்டிவைரஸில் வரும் 'ஆன்ட்டி'யைப் பல அமெரிக்கர்கள் 'ஆன்ட்டை' என்பார்கள்.

எல்லோரையும் குழப்புவது சோல்டர், அதாவது மின்பாகங்களை இணைக்க உருக்கி ஒட்டும் உலோகம். அமெரிக்காவில் அது சாடர். ல் ஒலியே கிடையாது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் 'சால்டரிங்' என்று கேட்டுப் பழகியவருக்கு முதல்முறை பிடிபடாது.

லேப்டாப் உடலில் இருக்கும் அலுமினியத்துக்கு எழுத்தே வேறு. அமெரிக்கர்கள் ஒரு எழுத்தைக் குறைத்து எழுதி, அலூமினம் என்கிறார்கள். அது அவர்களின் தவறு அல்ல; 1812-இல் ஹம்ஃப்ரி டேவி என்ற ஆங்கிலேய வேதியியலாளரே அப்படித்தான் எழுதினார்.

படி 4: கடைசி எழுத்தில் கவனம்

இங்கிலீஷின் 26-வது எழுத்து பிரிட்டனில் ஸெட், அமெரிக்காவில் ஸீ. நமக்கு இதில்தான் உண்மையான ஆபத்து. அந்த அதிரும் ஒலி தமிழில் இல்லாததால், மூன்றாவது எழுத்தான சீயும் அமெரிக்கரின் இந்த ஸீயும் காதில் ஒன்றாகவே விழும். ஒருமுறை வாடிக்கையாளர் சர்வர் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல, நான் தவறான எழுத்தை அடித்து அரை மணி நேரம் தேடினேன். இப்போதெல்லாம் "ஸூலூவா, சார்லியா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்கிறேன். விமானிகள் வானொலியில் பயன்படுத்தும் எழுத்துக் குறியீடுகள் இவை. இரண்டு நாட்டாருக்கும் புரியும்.

படி 5: தினமும் பத்து நிமிடம்

கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் பெரும்பாலான சொற்களுக்கு பிரிட்டிஷ், அமெரிக்க ஒலி தனித்தனியாக உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து சொற்களை எடுங்கள். இரண்டையும் கேளுங்கள், தமிழில் எழுதுங்கள், நீங்களே சொல்லிப் பதிவு செய்து ஒப்பிடுங்கள். யாரோடு அதிகம் பேசுகிறீர்களோ அவர்கள் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். முழு அமெரிக்கக் குரலைப் பாவனை செய்ய வேண்டாம். மேலே சொன்ன சொற்களை மாற்றிக்கொண்டு, மற்றதை உங்கள் இயல்பான குரலிலேயே நிதானமாகப் பேசுங்கள்.