ஜோடிக் குதிரைச் சேணம்: வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

இரட்டைக் குதிரை பூட்டப் புதிதாக இறங்குபவர்கள் பளபளக்கும் பித்தளையைப் பார்த்து முதலில் சேணத்தை, அதாவது குதிரையை வண்டியில் பூட்டும் வார்களின் தொகுப்பை, வாங்கிவிடுகிறார்கள். வண்டியின் எடை என்ன, அதற்கு பிரேக் உண்டா என்பதெல்லாம் அப்புறம்தான். வரிசையே தலைகீழ்.

மார்புப் பட்டையா, கழுத்துக் காலரா என்பதில்தான் அதிகம் தடுமாறுகிறோம். மார்புப் பட்டை லேசான வண்டிக்குப் போதும். துளை மாற்றிக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் வேறு குதிரைக்கும் உதவும். பாரம் கூடினால் இழுவை முழுவதும் அந்தக் குறுகிய பட்டையில் விழும். காலரோ சுமையைத் தோள் முழுக்கப் பரப்பும். ஆனால் ஒவ்வொரு குதிரைக்கும் தனியாக அளவெடுக்க வேண்டும். ஒரே உயரம், ஒரே நிறம், கழுத்தும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நானும் ஒரே அளவில் இரண்டு வாங்கினேன். மூச்சுக்குழாய்ப் பக்கம் விரல்கள் தட்டையாக நுழையும் இடைவெளி போதும். ஒரு குதிரைக்கு அப்படியே இருந்தது, மற்றதற்கு முஷ்டியே போனது. தளர்வுதானே, உறுத்தாது என்று விட்டுவிட்டேன். தளர்ந்த காலர் அடிக்கு அடி ஆடித் தேய்க்கும். சில நாளில் தோளில் முடி போய்த் தோல் தெரிந்தது.

மார்புப் பட்டையிலும் உயரம் முக்கியம். ஏறினால் மூச்சை அழுத்தும், இறங்கினால் தோள் மூட்டில் இடிக்கும். பட்டையையும் வண்டியையும் இணைக்கும் இழுவாரை வண்டியின் அசையாத கட்டையில் மாட்டினால், மாறி மாறி முன்னேறும் தோள்களில் பட்டை உரசிக்கொண்டே இருக்கும். நடுவில் கோத்து இருபுறமும் ஆடும் கட்டைதான் இதற்குச் சரி.

இரண்டு ஒற்றைக் குதிரைச் சேணங்களைச் சேர்த்தால் ஜோடிச் சேணம் ஆகிவிடாது. ஜோடியில் ஒவ்வொரு லகானும் கிளை பிரியும்: ஒன்று அந்தப் பக்கக் குதிரையின் வெளிப்புறக் கடிவாளத்துக்கு, மற்றது குறுக்கே போய்த் துணைக் குதிரையின் உட்புறத்துக்கு. குறுக்கு வாரின் நீளம் தப்பினால் தலைகள் உள்ளே இழுபடும், இல்லை வெளியே திரும்பும்.

பிரேக் இல்லாத வண்டிக்குப் பின்தொடைப் பட்டை (குதிரையின் பின்தொடையைச் சுற்றி, வண்டி முன்னே தள்ளாமல் தடுக்கும் பட்டை) இல்லாத சேணம் வாங்காதீர்கள். இறக்கத்தில் வண்டியைத் தாங்குவது அப்போது கழுத்து மட்டும்தான்.

இரு சக்கர வண்டி என்றால், இரண்டு குதிரைகளுக்கும் இடையே நீளும் நடுக்கட்டையின் பாரம் குதிரைகள் மேல் வரும். சாதாரண ஜோடிச் சேணத்தின் மெல்லிய முதுகுப் பட்டை அதைத் தாங்காது.