டேங்கர்ல சைன் ஆன் பண்றதுக்கு முன்னாடி ஐ.எம்.ஓ. நம்பர வச்சு தோண்டுங்க: ரஷ்ய நிழல் கப்பல்ல மாட்டாம இருக்க ஒரு பழைய பம்ப்மேன் சொல்றது

தண்டையார்பேட்டைல எங்க தெருவுல மட்டும் கப்பலுக்கு போற பசங்க ஏழு பேர் இருக்காங்க, நானும் பதினாலு வருஷம் டேங்கர்ல பம்ப்மேனா (சரக்கு பம்பு பாக்கறவன்) ஓடிட்டு முதுகு போனப்புறம் வீட்டோட உக்காந்துட்டேன். அதனால யாருக்கு ஆஃபர் வந்தாலும் மொதல்ல நம்ம வீட்டு வாசல்ல வந்து நிப்பானுங்க. போன வருஷம் சித்தி பையன் வந்தான். பாரிஸ் பக்கம் ஒரு மாடி ரூம் ஏஜென்ட், ஏ.பி. (டெக் மாலுமி) போஸ்ட், மார்க்கெட் ரேட்ட விட மாசம் 400 டாலர் ஜாஸ்தி, அஞ்சு நாள்ல ஃப்ளைட். கப்பல் பேர் என்னடான்னு கேட்டா "பேர் மாறிட்டு இருக்குண்ணே, ஜாயின் பண்றப்ப சொல்றாங்களாம்"ங்கறான். பேர் மாறிட்டு இருக்கா! கப்பல் என்ன நியூமராலஜி பாத்து பேர் வைக்குதா?

அன்னிக்கு அவனோட உக்காந்து செஞ்சத தான் இங்க எழுதறேன். மொத்தம் ஒரு மணி நேரம், ஒரு போன், டேட்டா. காசு ஒரு ரூபா செலவில்ல.

மொதல்ல இந்த நிழல் கப்பல்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா பசங்க பாதி பேருக்கு இது தெரியாமலே ஏறிடறாங்க. உக்ரைன் மேல ரஷ்யா 2022 பிப்ரவரில படையெடுத்துச்சு, அந்த வருஷம் டிசம்பர் 5லேர்ந்து ஜி7 நாடுங்க ஒரு ரூல் போட்டாங்க, ரஷ்ய க்ரூட் (கச்சா எண்ணெய்) பேரல் 60 டாலருக்கு மேல வித்தா அதுக்கு மேற்கத்திய கப்பலோ இன்ஷூரன்ஸோ கிடையாதுன்னு. (யூரோப் அத 2025 செப்டம்பர்ல 47.6 டாலரா இன்னும் கீழ இறக்கிட்டாங்க.) இத தாண்டறதுக்கு பழைய டேங்கருங்கள ஆளு பேர் தெரியாத கம்பெனிங்க வாங்கி, கொடிய (அதாவது பதிவு பண்ற நாட்ட) மாத்தி, பேர மாத்தி, தெரியாத இன்ஷூரன்ஸ் போட்டு ஓட்டறாங்க. அதான் நிழல் கப்பல்.

ஆனா ஒண்ணு. ரஷ்யா சரக்கு ஏத்தற கப்பல் எல்லாமே திருட்டுக் கப்பல்னு நெனச்சிடாதீங்க. நம்ம நாடே 2023-24லயும் 2024-25லயும் வாங்கின க்ரூட்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ரஷ்யாவோடது தான், ரஷ்யாவோட கருங்கடல் துறைமுகம் நோவோரோஸிஸ்க் பக்கத்துல ஏத்தற எண்ணெய்ல கஜகஸ்தான் சரக்கும் உண்டு, அதுக்கு தடை இல்ல. அதனால ரூட்ட வச்சு முடிவு பண்ணாம அந்த கப்பலோட ஜாதகத்த பாக்கணும்.

ஜாதகத்துக்கு பொறந்த நேரம் மாதிரி, கப்பலுக்கு ஐ.எம்.ஓ. நம்பர். ஏழு டிஜிட். கட்டும்போது குடுத்தா உடைக்கற வரைக்கும் மாறாது, பேர் பத்து தடவ மாறலாம், கொடி பத்து தடவ மாறலாம், நம்பர் மாறாது, உடம்புலயே பொறிச்சிருக்கணும்னு ரூல். அதனால ஏஜென்ட் கிட்ட கப்பல் பேர கேக்காதீங்க, நம்பர கேளுங்க. பேர நம்பி பிரயோஜனமே இல்ல, 2025 ஏப்ரல்ல எஸ்டோனியா காரங்க சரியான கொடி இல்லன்னு ஒரு டேங்கர நிறுத்துனாங்க, பேரு கிவாலா, அதே கப்பல் அப்புறம் புஷ்பா, அப்புறம் போராகாய். போராகாயா இருக்கும்போது அந்த வருஷ செப்டம்பர் கடைசில பிரான்ஸ் நேவி மேல ஏறி கேப்டன புடிச்சு வச்சுது. விராட்னு கூட ஒண்ணு இருக்கு, அதுக்கு கீழ வரேன். புஷ்பா, விராட்னு இருந்தா நம்ம ஊர் கப்பல்னு நெனச்சு ஏறிடுவான் நம்ம பையன்.

நம்பர் கைக்கு வந்ததும் அது நம்பர்தானான்னு முதல்ல செக் பண்ணுங்க, இது கணக்கு நோட்டுல ரெண்டு நிமிஷம். முதல் ஆறு டிஜிட்ட வரிசையா 7, 6, 5, 4, 3, 2 ஆல பெருக்கி கூட்டுங்க, வர்ற விடைல கடைசி டிஜிட்டும் நம்பரோட ஏழாவது டிஜிட்டும் ஒண்ணா இருக்கணும். உதாரணத்துக்கு 9074729. ஒம்பதேழு 63, அடுத்தது பூஜ்யம், ஏழஞ்சு 35, நாநாலு 16, ஏழு மூணு 21, ரெண்டு ரெண்டு 4. கூட்டினா 139. கடைசி 9, நம்பரோட கடைசியும் 9, சரி. சித்தி பையனுக்கு ஏஜென்ட் மொதல்ல அனுப்புன நம்பர் இதுலயே அடிபட்டுச்சு, கேட்டா "டைப்பிங் மிஸ்டேக்" அப்படின்னு அடுத்த நாள் வேற நம்பர். அந்த ரெண்டாவது நம்பர் கணக்குல பாஸ் ஆச்சு.

கணக்கு பாஸ் ஆனா போதாது, ஏன்னா ஏற்கனவே உடைச்சு இரும்பா போன கப்பலோட நம்பர எடுத்து ஓடற கப்பலுக்கு மாட்டற கூட்டமும் இருக்கு. செத்தவன் ஆதார் கார்டுல சிம் வாங்கற மாதிரி. அதுக்கு தான் ஈக்வாசிஸ். இலவச சைட், ஒரு அக்கவுண்ட் போடணும் அவ்ளோதான். நம்பர போட்டா கப்பல் கட்டின வருஷம், ஓனர், மேனேஜர், கிளாஸ் (கப்பல் தகுதிய பாத்து சர்டிஃபிகேட் தர்ற அமைப்பு), இன்ஷூரன்ஸ் க்ளப், போர்ட்டுல செஞ்ச இன்ஸ்பெக்‌ஷன், பழைய பேருங்க எல்லாம் வரும். நான் பாக்கற ஆர்டர் இது தான்: கட்டின வருஷம் பாப்பேன், இருவது வயசு தாண்டின டேங்கர்னா அங்கயே மூக்கு சுளிப்பேன். அப்புறம் ஹிஸ்டரி. ரெண்டு வருஷத்துல மூணு பேர், மூணு கொடி, ரெண்டு ஓனர்னா அது கப்பல் இல்ல, தலைமறைவு குற்றவாளி. ஓனர் கம்பெனிய அமுக்கி பாத்தா அந்த கம்பெனிக்கு மொத்தமே இந்த ஒரு கப்பல் தான் இருக்கும், அட்ரஸ் இன்னொருத்தர் கேர் ஆஃப்ல இருக்கும். ஒத்தக் கப்பல் கம்பெனி நல்ல ஓனர்ங்க கிட்டயும் உண்டு, அது மட்டும் வச்சு தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா மேனேஜரும் போன மாசம் முளைச்ச கம்பெனின்னா விட்டுடுங்க. கொடி எடத்துல "ஃபால்ஸ்"னு (பொய்க் கொடின்னு) போட்டிருந்தா மேல படிக்கவே வேணாம், போன வச்சிடுங்க.

கொடிய இன்னொரு வழியிலயும் புடிக்கலாம். மரைன்டிராஃபிக், வெசல்ஃபைண்டர் மாதிரி ஆப்ல கப்பலோட எம்.எம்.எஸ்.ஐ. நம்பர் (ரேடியோ அடையாள நம்பர்) இருக்கும், அதோட முதல் மூணு டிஜிட் நாட்ட சொல்லும். நம்ம இந்தியா 419. காபோன் 626, காம்பியா 629, கேமரூன் 613, குக் தீவு 518. ஏஜென்ட் பனாமா கொடின்னு சொல்லி ஆப்ல 629ல ஆரம்பிச்சா யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்க. அதே ஆப்ல கப்பல் எங்க இருக்குன்னும் பாருங்க, நாள் கணக்கா சிக்னலே இல்லாம திடீர்னு வேற எடத்துல முளைச்சா சந்தேகப்படணும். ஆனா கருங்கடல், பால்டிக் பக்கமெல்லாம் ஜி.பி.எஸ். ஜாமிங் நடக்குது, நல்ல கப்பலும் மேப்புல தரை மேல ஓடற மாதிரி காட்டும், அதனால இது ஒண்ண மட்டும் வச்சு தீர்ப்பு எழுதாதீங்க.

அடுத்தது தடை லிஸ்ட். அமெரிக்க ட்ரெஷரி சைட்ல தேடற பாக்ஸ் இருக்கு, அங்க பேர போடாம நம்பர போடுங்க. 2025 ஜனவரி 10 ஒரே நாள்ல 183 கப்பல ஏத்துனாங்க. யூரோப் லிஸ்ட்ல அக்டோபர் 2025ல 557 கப்பல் இருந்துச்சு, பிரிட்டனுக்கு தனி லிஸ்ட். இதெல்லாம் தனித்தனியா தேட சோம்பேறித்தனமா இருந்தா ஓப்பன்சாங்ஷன்ஸ்னு ஒரு சைட் மொத்தத்தையும் சேத்து காட்டுது. உக்ரைன் உளவுத்துறை நடத்தற வார் அண்ட் சாங்ஷன்ஸ் போர்ட்டலையும் பாருங்க, போர்ல ஒரு பக்கத்து ஆளுங்க போடறது தான், ஆனா மத்த லிஸ்ட்ல வராத கப்பலும் அதுல இருக்கும். அவங்க கேப்டனுங்க மேலயும் தடை போட்டிருக்காங்க, அதனால "நான் வேலைக்காரன் தானே"ங்கற சமாதானம் எல்லா எடத்துலயும் செல்லாது.

ஈகிள் எஸ் கத தெரியும்ல? குக் தீவு கொடி, 2024 கிறிஸ்மஸ் அன்னிக்கு பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் நடுவுல கடலடி கரண்ட் கேபிள் அறுந்துச்சு, இந்த கப்பல் நங்கூரத்த இழுத்துட்டு போனதுல தான்னு கப்பல மடக்குனாங்க. கேஸ் போட்ட மூணு ஆபீசர்ல ஒருத்தர் இந்தியர். 2025 அக்டோபர்ல ஹெல்சின்கி கோர்ட் இது எங்க எல்லைல நடக்கலன்னு கேஸ தள்ளிடுச்சு, நல்லது, ஆனா அதுக்கு முன்னாடி பல மாசம் அந்த மனுஷன் ஊருக்கு வர முடியாம குளிர்ல கெடந்தாரு இல்ல?

இப்ப இந்த விராட். இத சொல்ல கொஞ்சம் பின்னாடி போகணும். உக்ரைன் கிட்ட பெருசா போர்க்கப்பலே கிடையாது, ஆனா 2022 ஏப்ரல்ல ரஷ்யாவோட கருங்கடல் படை தலைமைக் கப்பல் மாஸ்க்வாவ ரெண்டு நெப்டியூன் ஏவுகணைல கடலுக்கடில அனுப்புனாங்க. அப்புறம் ஆளில்லா படகு. 2024 பிப்ரவரி 1 இவானோவெட்ஸ், 14 சீசர் குனிகோவ், மார்ச் 5 செர்கேய் கோடோவ், அஞ்சு வாரத்துல மூணு ரஷ்ய போர்க்கப்பல், எல்லாம் மகுரான்னு ஒரு சின்ன படகு வச்சு. ரஷ்யா மிச்சத்துல முக்கியமானத க்ரைமியால இருக்கற செவஸ்டபோல்லேர்ந்து நோவோரோஸிஸ்க்குக்கு கொண்டு போய் ஒளிச்சு வச்சுது. போர்க்கப்பல் ஒளிஞ்சுக்கும், டேங்கர் எங்க ஒளியும்? 2025 நவம்பர் 28 துருக்கி பக்கத்துல கைரோஸ், விராட், ரெண்டும் காம்பியா கொடி போட்ட டேங்கர், ரெண்டையும் உக்ரைனோட சீ பேபிங்கற ஆளில்லா படகு அடிச்சுது. விராட்ட மறுநாளும் அடிச்சாங்க. கைரோஸ் எரிஞ்சுது, 25 பேர துருக்கி காரங்க காப்பாத்துனாங்க. டேங்க் காலியா இருந்துச்சு. நான் டேங்கர்ல வேல பாத்தவன், காலி டேங்க்னா ஆபத்து இல்லன்னு யாராவது சொன்னா சிரிப்பு தான் வரும், உள்ள இருக்கற கேஸ் தான் எமன்.

நம்ம ஊர்க்காரனுக்கு இது புதுசும் இல்ல. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் வந்து மெட்ராஸ் மேல குண்டு போட்டப்ப எரிஞ்சது என்ன? பர்மா ஆயில் டேங்க். சண்டைன்னா முதல்ல கண்ணு எண்ணெய் மேல தான். அதுலேர்ந்து தான் நம்ம பாட்டிங்க "அவன் எம்டன்டா"ன்னு திட்ட ஆரம்பிச்சாங்க.

அதனால வாய விட்டு கேளுங்க, கப்பல் கருங்கடல் போகுமா, போனா வார் போனஸ் உண்டா, மாட்டேன்னு சொல்ல உரிமை உண்டான்னு. யூனியன் ஒப்பந்தம் இருக்கற நல்ல கப்பல்ல, போர் ஏரியான்னு அறிவிச்ச எடத்துக்கு போனா அடிப்படை சம்பளம் அளவுக்கு போனஸ், செத்தாலோ கை கால் போனாலோ ரெண்டு மடங்கு நஷ்டஈடு, வரமாட்டேன்னா கம்பெனி செலவுலயே ஊருக்கு அனுப்பணும். இத கேட்டதும் ஏஜென்ட் முழிச்சா கான்ட்ராக்ட்ல அது இல்லன்னு அர்த்தம்.

இன்ஷூரன்ஸ பசங்க ஓனர் பிரச்சனைன்னு விட்டுடறாங்க. தப்பு. ரெண்டு மாசம் சம்பளம் வரலன்னா எம்.எல்.சி. (சர்வதேச மாலுமி தொழிலாளர் ஒப்பந்தம்) சட்டப்படி நம்மள கைவிட்டதா கணக்கு, நாலு மாசம் வரைக்கும் பாக்கி சம்பளமும் ஊர் திரும்பற செலவும் அந்த இன்ஷூரன்ஸ் தான் தரணும், சர்டிஃபிகேட்ட கப்பல்ல எல்லாரும் பாக்கற எடத்துல ஒட்டியிருக்கணும். அந்த இன்ஷூரன்ஸே டுபாக்கூர்னா யார் கிட்ட போவீங்க? உலகத்துல ஓடற கப்பல்ல சுமார் 90 சதவீதம் டன்னேஜ் பன்னெண்டு பெரிய பி அண்ட் ஐ க்ளப் (கப்பல் ஓனருங்க சேந்து நடத்தற இன்ஷூரன்ஸ்) கிட்ட இருக்கு, அவங்க சைட்ல நம்பர போட்டு நீங்களே பாக்கலாம். அந்த பன்னெண்டுல இல்லன்னா ஏன் இல்லன்னு கேளுங்க. 2024ல மட்டும் 312 கப்பல்ல 3,133 பேர கைவிட்டாங்கன்னு ஐ.டி.எஃப். (சர்வதேச போக்குவரத்து தொழிலாளர் யூனியன்) கணக்கு, அதுல அதிகம் நம்ம இந்தியப் பசங்க தான்.

கடைசியா ஏஜென்ட். டி.ஜி. ஷிப்பிங் (மத்திய அரசு கப்பல் துறை) சைட்ல ஆர்.பி.எஸ்.எல்., அதாவது மாலுமிங்கள வேலைக்கு எடுக்க லைசென்ஸ் வாங்குன ஏஜென்ட்டுங்க லிஸ்ட் இருக்கு, அதுல அவன் லைசென்ஸ் நம்பர் உயிரோட இருக்கணும். வேல வாங்கி குடுக்க மாலுமி கிட்ட காசு வாங்கவே கூடாது, "ப்ராசஸிங்", "டாக்குமென்டேஷன்"னு எந்த பேர்ல கேட்டாலும் அது லஞ்சம் தான். விசிட் விசால துபாய் போ, அங்கேர்ந்து போட்ல ஏத்தறோம்னா வாசல்லயே திரும்பிடுங்க. சந்தேகம்னா ராஜாஜி சாலைல எம்.எம்.டி. (அதே துறையோட சென்னை கிளை) ஆபீஸ் இருக்கு, ஒரு எட்டு நேர்லயே போய் கேட்டுடுங்க.

ஏற்கனவே ஏறிட்டீங்கன்னா சத்தம் போடாம பாஸ்போர்ட், சி.டி.சி. (மாலுமி புக்), கான்ட்ராக்ட், ஒட்டின சர்டிஃபிகேட் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க, ஐ.எம்.ஓ. நம்பரோட. கப்பல் பேர ராத்திரியோட ராத்திரியா பெயிண்ட் அடிச்சு மாத்தினா அதையும் தேதியோட எழுதி வைங்க. சைன் ஆஃப் ஆகி இறங்கற வழிய ஐ.டி.எஃப்.ல கேளுங்க.

சித்தி பையன் கதைக்கு வரேன். அந்த ரெண்டாவது நம்பர ஈக்வாசிஸ்ல போட்டோம், 2003ல கட்டினது, ஒன்றரை வருஷத்துல நாலாவது பேர், இன்ஷூரன்ஸ் எடத்துல ஒண்ணுமே இல்ல. ஏஜென்ட்டுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினோம், ப்ளூ டிக் வந்துச்சு, அப்புறம் ப்ளாக் பண்ணிட்டான். சித்திக்கு தான் என் மேல கோவம், 400 டாலர கெடுத்துட்டேன்னு ரெண்டு மாசம் பேசல. இப்ப பையன் நிலக்கரி ஏத்தற பல்க் கேரியர்ல இருக்கான், போன வாரம் கப்பல் நம்ம பக்கம் வந்தப்ப சித்தி எறா தொக்கு செஞ்சு டப்பால கட்டிட்டு என்ன தான் பைக்ல கூட்டிட்டு போகச் சொன்னாங்க.