போங்காட்டம் ஆடும் கம்ப்யூட்டரை வழிக்குக் கொண்டுவர

ஃபிஃபா, எஃப்சி கால்பந்து வீடியோ கேமை லெஜண்டரி என்ற கடினமான லெவலில் ஆடினால், இங்கிலாந்தின் நான்காம் நிலை லீக்கான லீக் டூ டீமின் சென்டர் பேக், அதாவது நடு டிஃபெண்டர்கூட நம் பெனால்டி ஏரியாவுக்குள் வந்து மெஸ்ஸி மாதிரி பந்தை உருட்டுவான். நாலு பேர் சுற்றி வளைத்தாலும் பந்து கிடைக்காது. 89ஆவது நிமிடத்தில் கோல் விழும். "போங்குடா இது!" என்று என் தம்பி கண்ட்ரோலரைத் தூக்கி எறிவான், மெத்தை மேல்தான். விலை தெரிந்தவன்.

லெவலை இறக்கு என்பதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. நான் சொல்ல மாட்டேன். ஒரு படி இறங்கினால் ஐந்து கோல் அடித்துவிட்டுக் கொட்டாவி விடுவீர்கள். லெவல் இருக்கட்டும், ஆட்டக்காரர்களின் வேகம், தவறு போன்றவற்றைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரில் கை வையுங்கள்.

எஃப்சி 24, அதற்கு முந்தைய ஃபிஃபா ஆட்டங்களில் கேம் செட்டிங்ஸுக்குள் யூசருக்கு, அதாவது நமக்குத் தனியாகவும், சிபியுவுக்கு, அதாவது கம்ப்யூட்டருக்குத் தனியாகவும் ஸ்லைடர்கள் இருக்கும். 0 முதல் 100 வரை; எல்லாம் 50இல் நிற்கும். யூசர் பக்கத்தைத் தொடவே வேண்டாம், ஜெயித்தால் நாமே ஜெயித்ததாக இருக்கட்டும். சிபியு பாஸ் எரரை 60 ஆக்குங்கள், ஷாட் எரரை 55. எரர் என்று முடிவதைக் கூட்டினால்தான் எதிரி தடுமாறுவான். பலர் இதைத் தலைகீழாகக் குறைத்துவிட்டு, ஸ்லைடர் வேலையே செய்யவில்லை என்று புலம்புவார்கள். சிபியுவின் ஸ்பிரின்ட் ஸ்பீடும் ஆக்சிலரேஷனும் மட்டும் உப்பு மாதிரி: 49, மிஞ்சினால் 48. அதற்குக் கீழே போனால் சேற்றில் நடப்பதுபோல் நடப்பார்கள். ஒன்றை மாற்றி, இரண்டு மூன்று மேட்ச் ஆடிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஒரு டீமையோ ஆட்டக்காரரையோ பல சீசன் நடத்தும் கேரியர் மோடு ஆடுபவர்கள் அதற்குள்ளே போய், மாற்றியது அங்கேயும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காம்பெடிட்டர் மோடு என்று ஒன்று ஃபிஃபா 21இல் வந்தது. லெஜண்டரி, அல்டிமேட் லெவல்களில் கம்ப்யூட்டரை ப்ரோ பிளேயர்கள் பாணியில் ஆடவைக்கும். ஆஃப் செய்யுங்கள். அந்த சென்டர் பேக்குக்கு மெஸ்ஸி ஆசை பாதி அடங்கிவிடும்.

மீதிப் பாதி நம் விரலில் இருக்கிறது. பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரின் ஆர்1 பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் இன்னொரு டிஃபெண்டரும் இடத்தை விட்டுப் பந்தின் பின்னால் ஓடுவான்; அவன் விட்ட இடத்தில்தான் அடுத்த பாஸ் விழும். சென்டர் பேக்கை நீங்கள் ஓட்டாதீர்கள். டிஃபெண்டர்களுக்கு முன்னால் நிற்கும் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரை எடுத்து, எல்2 பிடித்தபடி பாஸ் போகும் வழியை மறித்து நில்லுங்கள். பந்தைப் பிடுங்க அவசரப்படாதீர்கள்.

இனி அந்தக் கடைசி நிமிட கோல். "ஸ்கிரிப்ட்", அதாவது முடிவை ஆட்டமே முன்கூட்டி எழுதிவைத்துவிடுகிறது என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. கடினத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் நுட்பத்துக்கு இந்த ஆட்டத்தைச் செய்யும் இஏ கம்பெனி காப்புரிமை வாங்கியது உண்மை. 2020இல் கலிஃபோர்னியாவில் வழக்கும் போட்டார்கள். தங்கள் ஆட்டத்தில் அது இல்லை என்றது கம்பெனி. 2021இல் வழக்குப் போட்டவர்களே வாபஸ் வாங்கினார்கள். எனக்குப் படுகிற காரணம் சாதாரணமானது. பின்தங்கிய டீம் கடைசியில் எல்லோரையும் முன்னால் அனுப்பும். நாமோ முதல் நிமிடத்திலிருந்து ஆர்2 அமுக்கி ஓடி ஓடி டிஃபெண்டர்களின் ஸ்டாமினாவைத் தீர்த்திருப்போம். நிஜத்திலும் நடக்கிறதுதானே? 1999 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் பேயர்ன் மியூனிக் 90 நிமிடம் வரை 1-0 முன்னணியில் இருந்தது. இஞ்சுரி டைமில் மான்செஸ்டர் யுனைட்டெட் இரண்டு அடித்தது. யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

அதனால் 70ஆவது நிமிடத்தில் சைட் பேக் இருவரையும் மாற்றுங்கள். பந்து கிடைத்தால் முன்னால் தூக்கி அடிக்காமல், முன்னால் வந்த எதிரிகள் காலியாக விட்டுவிட்டு வந்த ஓரத்தில் விங்கரைத் தேடுங்கள். இரண்டாவது கோல் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

கம்ப்யூட்டர் ஓட்டும் டீம்களோடு பாயின்டுக்காக ஆடும் ஸ்குவாட் பேட்டில்ஸில் மட்டும் இந்த ஸ்லைடர் வித்தை செல்லாது. அங்கே கௌரவம் பார்க்காமல் லெவலை இறக்கிக்கொள்ளுங்கள், லெஜண்டரியில் தோற்பதைவிட ஒரு படி கீழே உள்ள வேர்ல்ட் கிளாஸில் ஜெயித்தால் பாயின்ட் அதிகம்.