ருவாண்டாவில் கொரில்லா காணச் செல்வோர் கவனத்திற்கு

ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவில் மலைக் கொரில்லாக்களைக் காண விரும்புவோர், விமான டிக்கெட் எடுக்கும் முன்பே பூங்காவின் அனுமதிச் சீட்டை உறுதிசெய்துகொள்வது நல்லது. ஏனெனில் ஒரு கொரில்லாக் குடும்பத்தைக் காண நாளொன்றுக்கு 8 பேர் மட்டுமே அனுமதிக்கப்படுகிறார்கள். வெளிநாட்டவருக்கான கட்டணம் 1,500 அமெரிக்க டாலர் என்பது கனமான தொகைதான். ஆயினும் பூங்கா வருவாயில் ஒரு பங்கு சுற்றியுள்ள ஊர்களுக்குச் சென்றுசேர்வதால், அது நியாயமான செலவு என்றே கருதுகிறேன். 15 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை. சளி, இருமல் இருந்தால் காட்டுக்குள் செல்லக்கூடாது. நம்மிடமிருந்து தொற்றும் சாதாரணச் சளியே கொரில்லாக்களின் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

பாதையெங்கும் பட்டால் தீயாய் எரியும் காஞ்சொறிச் செடிகள் மண்டிக் கிடப்பதால், முழுக்கை சட்டையும், காலுறைக்குள் செருகிய தடித்த காற்சட்டையும், தோட்ட வேலைக்கான கையுறையும் அவசியம். மலையடிவாரத்தில் சுமை தூக்குபவர் ஒருவரைத் தயங்காமல் அமர்த்திக்கொள்ளுங்கள். வழுக்கும் சரிவுகளில் அவர் நீட்டும் கை பேருதவியாக இருக்கும்.

பிளாஸ்டிக் பைகள் அங்கு 2008 முதல் தடைசெய்யப்பட்டுள்ளதால், பொருள்களைத் துணிப்பையில் கட்டுங்கள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் நாடு முழுவதும் மக்கள் பொதுப்பணியில் ஈடுபடுவதால் கடைகள் மூடியிருக்கும். அன்றைய பயணத்தை நண்பகலுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.