லண்டனில் அக்காவுக்கு கீமோ, மதுரையில் நான்

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அம்மா லண்டனுக்குப் போய்விட்டார். அத்தானுக்கு இரவு வேலை. ராத்திரி காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதுதான் பெரிய கவலை. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. கை முதலில் போவது பாராசிட்டமாலுக்கு. கீமோ போட்டு 7 முதல் 14 நாட்களில், தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் வெகுவாகக் குறையும். அப்போது 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே அவசரம். மாத்திரை கொடுத்தால் காய்ச்சல் தெரியாமல் போகும், தொற்று உள்ளேயே வளரும். அதனால் கீமோ பிரிவின் 24 மணி நேர எண்ணை பிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொன்னேன். பேச வேண்டியதையும் தமிழ் எழுத்திலேயே எழுதி அனுப்பினேன்: “மை டாட்டர், கீமோ, ஃபீவர், தமிழ் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்.” அங்கே அரசு மருத்துவத்தில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். ஒரு நள்ளிரவில் இது கைகொடுத்தது. விடிவதற்குள் ஆன்டிபயாடிக் ஏற்றிவிட்டார்கள்.

அடுத்த தொல்லை, சொந்தக்காரர்களின் போன். இனி எதுவானாலும் என்னிடம் கேளுங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெரியப்பாவுக்குக் கோபம், சரி, இருக்கட்டும்.

அப்புறம், இங்கிலாந்தில் புற்றுநோயாளிகளுக்கு 2009 முதல் மருந்துச் சீட்டுக் கட்டணம் கிடையாது. அதற்கு விலக்குச் சான்றிதழ் வேண்டும். எஃப்பி92ஏ படிவத்தை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.