தத்தெடுத்த பன்றிக்குட்டியைப் பழக்குவது எப்படி: எங்களுக்குப் பலித்த வழி

பூசணி எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வளர்க்க முடியாமல் ஒரு குடும்பம் கைவிட்ட குட்டி. வந்தபோது அவளுக்கு மூன்று மாதம். மகள்தான் பெயர் வைத்தாள். இன்று சாயங்காலம் ஆனால் என் காலடியில் தொப்பென்று சரிந்து வயிற்றைக் காட்டுகிறாள். ஆனால் முதல் நாளே நாங்கள் செய்த ஒரு தவறு, அவளுடைய நம்பிக்கையை மூன்று வாரம் தள்ளிப்போட்டது. அது உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது.

கூட்டி வருவதற்கு முன் ஒரு வார்த்தை. ‘மினி’ என்று சொல்லப்படும் வியட்நாமியப் பானைவயிற்று வகைகூட வளர்ந்தால் பெரும்பாலும் 50 கிலோவைத் தாண்டும். ‘தாயைப் பார்த்தேன், சின்னதாகத்தான் இருந்தது’ என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பன்றி சில மாதங்களிலேயே குட்டி போடும் பருவத்துக்கு வந்துவிடும். முழு வளர்ச்சிக்கோ மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். நீங்கள் பார்க்கும் தாயே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கலாம். உங்கள் ஊர் விதிகள் அனுமதிக்கின்றனவா, பன்றிக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா, இந்த இரண்டையும் முதலில் விசாரியுங்கள்.

1. சின்ன இடம் கொடுங்கள்

முழு வீட்டையும் திறந்துவிட வேண்டாம். ஒரு அறையின் மூலை போதும். படுக்க இரண்டு பழைய போர்வைகள்; அவற்றை அவளே கிளறிக் கூடு போல் ஆக்கிக்கொள்வாள். வழுக்கும் தரையில் குளம்பு நிற்காது, கால் விரிந்து அடிபடும். அதனால் தரை முழுக்க ரப்பர் விரிப்பு போடுங்கள்.

2. தூக்காதீர்கள்

எங்கள் தவறு இதுதான். மகள் ஆசையாக வாரி அணைத்தாள். பூசணி போட்ட அலறலில் அடுத்த அறையிலிருந்த என் கணவர் ஓடி வந்தார். பன்றியின் அலறல் 100 டெசிபலைத் தாண்டும். அது பிடிவாதத்தால் வருவதில்லை. பன்றி இரையாகும் விலங்கு. கால் தரையை விட்டு எழும்பினால், ஏதோ தன்னைக் கவ்விவிட்டது என்றுதான் அதன் உடம்புக்குத் தெரியும். அழும் மகள் ஒரு பக்கம், அலமாரிக்குப் பின்னால் நடுங்கும் குட்டி ஒரு பக்கம். அதன்பின் ஒரு வாரம் யார் உள்ளே போனாலும் அவள் பிடரி மயிர் சிலிர்த்து நின்றது.

அப்புறம் முறையை மாற்றினோம். தினமும் மூன்று வேளை, வேளைக்கு கால் மணி நேரம், ஒருவர் மட்டும் உள்ளே போய்த் தரையில் உட்கார வேண்டும். அவளைப் பார்க்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது. புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கலாம், குரல் பழகும். சுற்றிலும் வெள்ளரித் துண்டுகளை, விரல்நுனி அளவுக்கு நறுக்கி, போட்டு வைக்க வேண்டும். முதலில் தூரத்தில், நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டத்தில். ஒன்பதாம் நாள் ஈரமான மூக்கு ஒன்று என் முழங்காலைத் தொட்டது. நான் அசையவில்லை. பத்தாம் நாள் மடியில் முன்னங்காலை வைத்தாள்.

தொடும்போது தலைக்கு மேலிருந்து கை வரக் கூடாது. தாடைக்குக் கீழ், பிறகு தோள், பிறகு வயிறு. வயிற்றைச் சொறியும்போது பின்னங்கால் தளர்ந்து, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண் மூடிவிட்டால் நம்பிவிட்டாள் என்று அர்த்தம்.

3. தண்ணீரும் தீனியும்

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். நீண்ட நேரம் தண்ணீர் இல்லாமல் போனால் உடம்பில் உப்பு ஏறி, மூளையைப் பாதித்து, உயிருக்கே ஆபத்தாகலாம். எவர்சில்வர் கிண்ணத்தை மூக்கால் கவிழ்த்துவிடுவாள். கனமான, அகலமான ரப்பர் தொட்டிதான் என் தேர்வு. தீனிக்குச் செல்லப் பன்றிகளுக்கென்றே வரும் உருண்டைத் தீவனமும் காய்கறியும் போதும். தீவனத்தைக் கிண்ணத்தில் கொட்டாமல் விரிப்பில் தூவிவிடுங்கள், தேடித் தின்பதில் அரை மணி நேரம் போகும். பழகிய பிறகு கையால் ஊட்டுவதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கையைக் கண்டாலே கடிக்க வருவாள்.

4. கழிப்பிடம்

சுலபம். படுக்கும் இடத்தைப் பன்றி அசுத்தம் செய்யாது. ஆகவே கழிப்பதற்கான தட்டு ஒன்றைப் படுக்கைக்கு எதிர் மூலையில் வையுங்கள், ஒரு பக்க விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். உள்ளே மரத்தூள் உருண்டை போடுங்கள். பூனைக்குப் போடும் கட்டியாகும் மண் வேண்டாம், தின்றால் குடலை அடைத்துவிடும்.

5. ‘வேண்டாம்’ என்று சொல்வது

எட்டு மாதத்தில் பூசணி எங்கள் காலை முட்டித் தள்ள ஆரம்பித்தாள். மந்தையில் மூத்தவர் யார் என்று பார்க்கும் வழி அது. அடித்தால் பயம்தான் மிஞ்சும். பின்வாங்கினால் ஜெயித்தோம் என்று நினைப்பாள். ஒரு பலகையை முன்னால் பிடித்து, அவள் தோளை நோக்கி நிதானமாக நடந்தேன். அவள் விலகியதும் நின்றேன். இரண்டு வாரத்தில் சரியானது. கருத்தடை செய்யாத பெண் பன்றிக்குச் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும், அப்போது முரட்டுத்தனம் கூடும். மருத்துவரிடம் பேசிக் கருத்தடை செய்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

பின்சேர்க்கை: வெளியே கூட்டிப்போகக் கழுத்துப்பட்டை போட்டதாகவும், உருவிக்கொண்டு ஓடிவிட்டதாகவும் ஒருவர் எழுதியிருந்தார். பன்றிக்குக் கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே பருமன், பட்டை நிற்காது. எட்டு வடிவ மார்புப்பட்டை வாங்குங்கள். அவள் தின்னும்போது முதலில் முதுகில் சும்மா வைத்து எடுங்கள். கொக்கி மாட்ட எங்களுக்கு ஆறு நாள் ஆனது.

இன்னொருவர் வீட்டில் நாய் இருக்கிறதாம். எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சரி, பன்றிக்குட்டியோடு தனியே விடாதீர்கள். குட்டி அலறினால் நாயின் வேட்டைக் குணம் கிளம்பிவிடும். நடுவில் கம்பிக் கதவு வைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும்.