லாக்அவுட் செய்தும் குக்கி அழியவில்லையா?

லாகின் செய்தவரை அடையாளம் காண தளம் பிரவுசரில் சேமிக்கும் சிறு தகவலான குக்கியை சர்வர் நேரடியாக அழிக்க முடியாது. அதே பெயரில், காலாவதியான இன்னொன்றை அனுப்பி மேலெழுதுவதுதான் வழக்கமான வழி. சர்வர் பதிலின் தலைப்புத் தகவலான செட்-குக்கி ஹெடரில் குக்கியின் மதிப்பைக் காலியாக விட்டு, அதன் ஆயுளைச் சொல்லும் மேக்ஸ்-ஏஜை 0 ஆக்குங்கள். பக்கத்தின் உள்ளடக்கம் போகத் தொடங்கும் முன்பே இந்த ஹெடர் போய்விட வேண்டும்.

அப்படியும் அழியவில்லை என்றால் முதலில் பாத் (குக்கி தளத்தின் எந்த முகவரிப் பகுதிக்கு உரியது), டொமைன் (எந்தத் தளத்துக்கு உரியது) இரண்டையும் பாருங்கள். பிரவுசர் ஒரு குக்கியை அடையாளம் காண்பது பெயர், டொமைன், பாத் மூன்றையும் சேர்த்துத்தான். லாகினில் பாத் "/" என்று வைத்துவிட்டு, "/கணக்கு/வெளியேறு" முகவரியிலிருந்து பாத் குறிப்பிடாமல் அழித்தால், பிரவுசர் அதை "/கணக்கு" என்று எடுத்துக்கொள்ளும். பழைய குக்கி அசையாது. டொமைனும் அப்படியே: வைக்கும்போது குறிப்பிட்டிருந்தால் அழிக்கும்போதும் அதையே குறிப்பிடுங்கள், அப்போது விட்டிருந்தால் இப்போதும் விடுங்கள். செக்யூர் (மறையாக்க இணைப்பான எச்டிடிபிஎஸ் வழியே மட்டும் அனுப்பு) என்று வைத்த குக்கியை எச்டிடிபிஎஸ் இல்லாத பக்கத்திலிருந்து மேலெழுத முடியாது.

சோதிக்க, டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் பகுதியில் லாக்அவுட் கோரிக்கையைத் திறந்து, ரெஸ்பான்ஸ் ஹெடரை லாகினில் வந்ததோடு ஒப்பிடுங்கள்.

குக்கி போனால் மட்டும் போதாது. யார் லாகினில் இருக்கிறார் என்று சர்வர் வைத்திருக்கும் செஷன் பதிவையும் நீக்குங்கள். இல்லையென்றால் முன்பே யாராவது குக்கியிலிருந்து நகலெடுத்த செஷன் ஐடி (அந்தப் பதிவின் அடையாள எண்) தொடர்ந்து செல்லுபடியாகும். பல தளங்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.